நடப்பது கால், நிற்பது கணக்கு

புறக்கோட்டையில் கடை வைத்திருப்பவனுக்கு நன்கொடைப் புத்தகம் புதிதல்ல. காலையில் ஷட்டரைத் தூக்கி முதல் வியாபாரம் நடப்பதற்குள் இரண்டு பேராவது புத்தகத்தோடு வந்து நிற்பார்கள். பள்ளிவாசல் கூரை, மத்ரஸாக் கிணறு, ஒரு குமரின் கல்யாணம், ஒரு பிள்ளையின் சத்திரசிகிச்சை என்று காரணங்கள் மாறும். லாச்சியைத் திறந்து ஐந்நூறோ ஆயிரமோ கொடுத்துவிட்டு வேலையைப் பார்ப்போம். கொடுத்த காசு என்னவாயிற்று என்று நாங்கள் கேட்பதுமில்லை, அவர்கள் சொல்வதுமில்லை.

2013 இல் நான்கு இளைஞர்கள் என்னிடம் கொண்டு வந்த புத்தகம் கொஞ்சம் வித்தியாசமானது. இரண்டு நாட்களில் இருநூறு கிலோமீற்றருக்கு மேல் சைக்கிள் ஓடப் போகிறோம், அதற்காகக் கிடைக்கும் பணத்தை நோயாளிப் பிள்ளையொன்றின் சிகிச்சைக்குக் கொடுக்கப் போகிறோம் என்றார்கள். சும்மா வந்து கை நீட்டாமல் வியர்வை சிந்திக் கேட்கிறார்களே என்று எனக்குப் பிடித்துப் போயிற்று. பத்தாயிரம் ரூபா எழுதினேன். அத்தோடு நிற்காமல், எங்கள் தெருவிலுள்ள பதினொரு கடைகளுக்கும் அவர்களை நானே அழைத்துப் போனேன்.

பையன்கள் சொன்னபடி ஓடி முடித்தார்கள். அதில் ஒரு குறையும் இல்லை. குறை பிறகுதான் வந்தது. மூன்று மாதம் விடாமல் கேட்ட பின்பு அரைத் தாளில் ஒரு கணக்குத் தந்தார்கள். சேர்ந்த தொகை 4 இலட்சத்து 12 ஆயிரம். டீ ஷேர்ட்டுக்கு 97,500. பெனர், அச்சுச் செலவு 38,000. வேன், சாப்பாடு 74,000. முடிவு விழாவின் மேடை, ஒலிபெருக்கி 62,000. நோயாளிப் பிள்ளையின் கைக்குப் போனது 1 இலட்சத்து 40 ஆயிரத்து 500. நூறு ரூபாவில் முப்பத்து நான்கு ரூபா.

யாரும் திருடவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு செலவுக்கும் பில் இருந்தது. ஆனால் பக்கத்துக் கடை ஹாஜியார் அந்தத் தாளைப் பார்த்துவிட்டு, "தம்பி, நாங்க அந்தப் பொடியன்மாருக்குத் தரல்ல, உங்கட முகத்துக்குத்தான் தந்தம்" என்று சொன்னபோது எனக்குத் தலை நிமிரவில்லை. இருபத்தைந்து வருடம் கொடுக்கல் வாங்கலில் சம்பாதித்த பெயர் ஒரு அரைத் தாளில் போயிற்று. அதற்குப் பிறகு நடைபவனி, சைக்கிள் பவனி என்று யார் வந்தாலும் கையெடுத்துக் கும்பிடாத குறையாக அனுப்பிவிடுவேன்.

நடக்கிறவனுக்கு ஏன் கொடுக்கிறார்கள்?

வியாபாரிக்கு இயல்பாக எழும் கேள்வி இது. காசு தேவையென்றால் நேராகக் கேட்கலாமே, நடந்து களைத்துப் போவதால் நோயாளிக்கு என்ன இலாபம்?

இதற்கு உலகம் கண்ட பெரிய பதில் கனடாவைச் சேர்ந்த டெரி ஃபொக்ஸ். 1977 இல், பதினெட்டு வயதில், எலும்புப் புற்றுநோயால் அவருடைய வலது காலை முழங்காலுக்கு மேலே அகற்றினார்கள். 1980 ஏப்ரல் 12 ஆம் திகதி கனடாவின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரையை நோக்கிச் செயற்கைக் காலோடு ஓடத் தொடங்கினார். ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஒரு மரதன் தூரம். புற்றுநோய் ஆராய்ச்சிக்காக நாட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஒரு டொலர் தர வேண்டும் என்பதே அவர் கேட்டது. 143 நாட்களில் 5,373 கிலோமீற்றர் ஓடிய பின், நோய் நுரையீரலுக்குப் பரவியதால் செப்டெம்பர் முதலாம் திகதி நிறுத்த நேர்ந்தது. மேற்குக் கரையை அவர் காணவில்லை. ஆனால் 1981 பெப்ரவரியில் சேர்ந்திருந்த தொகை 2 கோடி 41 இலட்சம் டொலருக்கும் மேல். அப்போது கனடாவின் சனத்தொகை ஏறத்தாழ 2 கோடி 40 இலட்சம். தலைக்கு ஒரு டொலர் என்ற கணக்கு நிறைவேறிவிட்டது. அதே வருடம் ஜூன் மாதம், இருபத்திரண்டு வயதில் அவர் காலமானார்.

அவருடைய கதையில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு வியாபார விஷயம். வாகனம், எரிபொருள், சப்பாத்து ஆகியவற்றைச் சில நிறுவனங்கள் கொடுத்தன. அவர் வாங்கிக் கொண்டார். எங்கள் பொருளுக்கு விளம்பரம் செய் என்று கேட்ட நிறுவனங்களைத் திருப்பி அனுப்பினார். தன் ஓட்டத்தால் யாரும் இலாபம் சம்பாதிக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். செலவு வேறு, சேர்ந்த பணம் வேறு என்று இரண்டுக்கும் நடுவே அந்த இளைஞர் சுவர் கட்டி வைத்திருந்தார்.

2013 இல் ஒலிவோலா, ஷாஃபிர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைப் பற்றி ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு தர்ம காரியத்துக்காக நோவும் பிரயாசையும் பட வேண்டியிருக்கும் என்று தெரிந்தால், சுகமான நிகழ்ச்சிக்குக் கொடுப்பதை விட அதிகமாகக் கொடுக்க மக்கள் முன்வருகிறார்கள் என்பதே அவர்கள் கண்டது. எனக்கு அது ஆச்சரியமாகப் படவில்லை. கடன் கேட்டு வருகிறவன் தன் சொந்த முதலையும் போட்டிருக்கிறானா என்றுதான் நாமும் முதலில் பார்க்கிறோம். நடக்கிறவனுடைய முதல் அவனுடைய கால்.

இங்கிலாந்தில் இது இன்று ஒரு பெரிய ஏற்பாடாகவே வளர்ந்திருக்கிறது. 1981 இல் ஆரம்பமான லண்டன் மரதன் ஓட்டத்தின் மூலம் இதுவரை தர்ம காரியங்களுக்குச் சேர்ந்த தொகை நூறு கோடி பவுண்களைத் தாண்டிவிட்டது. தர்ம நிறுவனங்கள் ஓட்டத்தில் இடங்களை விலை கொடுத்து வாங்கி, இவ்வளவு தொகை சேர்த்துத் தருவேன் என்று பொறுப்பேற்கும் ஓட்டக்காரருக்குக் கொடுக்கின்றன. இடத்தின் விலை முதலீடு, ஓட்டக்காரர் சேர்ப்பது வரவு. எத்தனை ரூபா போட்டு எத்தனை ரூபா எடுத்தோம் என்பது அங்கே முதல் நாளிலேயே தெரிந்த கணக்கு.

தென்முனையிலிருந்து வடமுனைக்கு

வெளிநாட்டுக்குப் போவானேன், நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. 2011 ஜூலை மாதம் நேதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே என்ற இரு நண்பர்கள் தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்தார்கள். இருவரும் ஆடை உற்பத்தித் துறையைச் சேர்ந்தவர்கள், அதாவது நம்மைப் போல வியாபார உலகத்து மனிதர்கள். ஏறத்தாழ 670 கிலோமீற்றர், 27 நாட்கள். வழியெங்கும் ஆயிரக்கணக்கானோர் அவர்களோடு சேர்ந்து நடந்தார்கள். நோக்கம் ஒன்றே ஒன்று, யாழ்ப்பாணத்தில் தெல்லிப்பழையில் ஒரு புற்றுநோய் வைத்தியசாலை. யுத்தம் முடிந்து இரண்டே வருடம். வடக்கிலுள்ள புற்றுநோயாளி சிகிச்சைக்காக மகரகமைக்கு வருவதென்றால் என்ன பாடு என்பதை அந்தக் காலத்தில் பயணம் செய்தவர்கள் அறிவார்கள். 2013 இல் அந்த வைத்தியசாலை திறக்கப்பட்டது.

2016 இல் அதே பாதை தலைகீழாக நடக்கப்பட்டது. பருத்தித்துறையிலிருந்து தேவேந்திரமுனைக்கு 28 நாட்கள். இம்முறை நோக்கம் காலி, கராப்பிட்டியவில் ஒரு புற்றுநோய் வைத்தியசாலை. தெற்கு நடந்து வடக்குக்குக் கொடுத்தது, பிறகு வடக்கிலிருந்து நடந்து தெற்குக்குக் கேட்டார்கள். கொடுத்தவர்களில் பத்து ரூபாக்காரரும் இருந்தார், கோடீஸ்வரரும் இருந்தார். அவர்கள் எல்லோருக்கும் ஒன்று தெரிந்திருந்தது: காசு எந்த ஊரில், எந்தக் கட்டடமாக நிற்கப் போகிறது என்பது.

இரண்டு தோட்டங்கள், இரண்டு கிழவர்கள்

2020 நோன்பு மாதம் ஊரடங்கில் போயிற்று. கடை பூட்டு, பள்ளிவாசல் பூட்டு. வீட்டில் கிடந்து தொலைபேசியைப் பார்த்துக் கொண்டிருந்தபோதுதான் தபிருல் இஸ்லாம் சௌத்ரி என்ற பெரியவரைப் பற்றி அறிந்தேன். வயது நூறு. 1957 இல் ஆங்கில இலக்கியம் படிக்க வங்காளத்திலிருந்து இங்கிலாந்துக்குப் போனவர். கிழக்கு லண்டனில், 80 மீற்றர் சுற்றளவுள்ள ஒரு தோட்டத்தை நூறு தடவை சுற்றி, கொரோனாவால் பாதிக்கப்பட்டோருக்காக ஆயிரம் பவுண் சேர்ப்பதாகத் தொடங்கினார். நோன்பு நோற்றுக்கொண்டே நடந்தார். நூறு சுற்றோடு நிறுத்தவில்லை, மாதம் முடியும் வரை நடந்தார். 970 சுற்றுகள். சேர்ந்தது 420,000 பவுண்களுக்கு மேல். ஒரு பகுதி பிரித்தானிய சுகாதார சேவைக்கும், மீதி பல நாடுகளின் உதவி நிறுவனங்களுக்கும் போனது. தள்ளாத வயதில் நோன்போடு நடந்த அந்த மனிதரைப் பார்த்து, ஐம்பது சொச்சம் வயதில் சீனி வியாதியோடு கட்டிலில் சாய்ந்திருந்த எனக்கு வெட்கமாக இருந்தது.

சௌத்ரிக்கு முன்மாதிரி கப்டன் டொம் மூர். முன்னாள் இராணுவ வீரர். 2020 ஏப்ரலில், தன் நூறாவது பிறந்த நாளுக்கு முன்னர், நடப்பதற்கான சட்டகத்தைப் பிடித்துக்கொண்டு தன் தோட்டத்தில் நூறு நடை நடந்தார். அவரும் ஆயிரம் பவுண்தான் கேட்டார். சேர்ந்தது 3 கோடி 20 இலட்சம் பவுண்களுக்கும் மேல். அந்தப் பணம் சுகாதார சேவையின் தர்ம நிதியங்களுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. பிறகு அவர் பெயரில் ஒரு அறக்கட்டளை உண்டாயிற்று. 2021 பெப்ரவரியில் அவர் காலமானார். 2022 இல் அந்த அறக்கட்டளை மீது பிரித்தானியத் தர்ம ஆணைக்குழு விசாரணை தொடங்கியது. 2024 நவம்பரில் வெளிவந்த அறிக்கை, குடும்பத்தார் தனிப்பட்ட நன்மை அடைந்திருக்கிறார்கள் என்று சொன்னது. முதலில் சேர்ந்த பெரும் தொகைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. என்றாலும் இன்று அந்தப் பெயரைச் சொன்னால் இரண்டும் சேர்ந்தே ஞாபகத்துக்கு வருகிறது. கிழவர் நடந்த நடையில் ஒரு அடி கூடப் பொய்யில்லை. கணக்குத்தான் அவருடைய பெயரைத் தடுக்கி விழுத்தியது.

நானாவின் மகன் வந்தான்

2022 இறுதியில் நானாவின் மகன் என் கடைக்கு வந்தான். கையில் ஒரு புத்தகம். "சாச்சா, பேருவளையிலிருந்து புறக்கோட்டைக்கு நடக்கப் போறோம். நீங்க முதல் பக்கத்தில ஒரு கையெழுத்து மட்டும் போட்டுத் தாங்க" என்றான். என் கண்ணில் அந்தப் பழைய அரைத் தாள்தான் தெரிந்தது.

காரணத்தைக் கேட்டேன். எங்கள் பகுதியில் சிறுநீரகம் பழுதாகி இரத்தச் சுத்திகரிப்புச் செய்துவரும் ஏழை நோயாளிகள் ஆறு பேர். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆனால் வாரத்துக்கு இரண்டு தடவை போய்வர வேண்டும். எரிபொருள் தட்டுப்பாட்டுக்குப் பிறகு முச்சக்கர வண்டிக் கூலி எகிறிவிட்டது. கூலிக்குக் காசில்லாமல் ஒருவர் இரண்டு முறை போகாமலே விட்டிருக்கிறார். போகாவிட்டால் உடம்பில் நீரும் நஞ்சும் ஏறும். உயிருக்கே ஆபத்து.

கல்குலேட்டரை எடுத்தேன். ஆறு பேர், வாரம் இரண்டு பயணம், ஐம்பத்திரண்டு வாரம், ஒரு பயணத்துக்குப் போக வர இரண்டாயிரம் ரூபா. 12 இலட்சத்து 48 ஆயிரம். "மகன், இதுதான் உங்கட இலக்கு. 'நோயாளிகளுக்கு உதவி' என்று எழுதாதீங்க. இந்தக் கணக்கை அப்படியே முதல் பக்கத்தில எழுதுங்க" என்றேன்.

பிறகு என் நிபந்தனைகளைச் சொன்னேன். தனி வங்கிக் கணக்கு, மூவரில் இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்கலாம். இலக்கமிட்ட பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாவும் வாங்கக் கூடாது. சேரும் பணத்திலிருந்து ஒரு போத்தல் தண்ணீர் கூட வாங்கக் கூடாது, செலவை நானும் இரண்டு நண்பர்களும் வேறாகப் பார்த்துக்கொள்வோம். டீ ஷேர்ட் இல்லை, மேடை இல்லை. நடை முடிந்து பதினான்காம் நாள் கணக்கு ஒவ்வொரு கடைக்கும் வரும் என்பதையும் புத்தகத்திலேயே அச்சடிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு அவன் ஒன்று கேட்டான்: "அப்ப நீங்களும் நடக்கிறீங்களா சாச்சா?"

செருப்பு மொத்த வியாபாரம் செய்கிறவன் நான். ஆயிரக்கணக்கான கால்களுக்குச் செருப்பு விற்றிருக்கிறேன். என் கால் கடையிலிருந்து பள்ளிவாசலுக்கும் பள்ளிவாசலிலிருந்து கடைக்கும் தவிர நடந்ததில்லை. மறுக்க வாய் வந்தது. ஆனால் பக்கத்துக் கடை ஹாஜியாரிடம் மறுபடியும் என் முகத்தைக் காட்டிக் கேட்பதாக இருந்தால், இம்முறை காலையும் சேர்த்தே காட்ட வேண்டும் என்று பட்டது.

57 கிலோமீற்றர்

வைத்தியர் முதலில் திட்டினார். சீனி வியாதிக்காரனுக்குப் பாதத்தில் வரும் சிறு கொப்புளமும் காலையே கொண்டு போய்விடும் என்றார். மூன்று மாதம் படிப்படியாக நடந்து பழக வேண்டும், புதுச் சப்பாத்தோடு போகக் கூடாது, ஒவ்வொரு மணித்தியாலமும் சப்பாத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும், தோல் சிவந்தால் வேனில் ஏற வேண்டும் என்று எழுதித் தந்தார். சுபஹ் தொழுதுவிட்டுக் கடற்கரை வழியே நடந்து பழகினேன்.

ஹாஜியாரிடம் புத்தகத்தோடு போனேன். முதல் பக்கத்தை இரண்டு முறை வாசித்தார். "நீங்க நடக்கிறதுக்குக் கிலோமீற்றருக்கு ஆயிரம் ரூபா. நடந்து முடிச்சிட்டு வாங்க, பார்ப்போம்" என்றார். முன்பணமாக ஒரு சதமும் தரவில்லை.

2023 பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, இருட்டு விலகும் நேரத்தில் ஒன்பது இளைஞர்களும் நானும் புறப்பட்டோம். பொலிஸில் முன்கூட்டியே அறிவித்திருந்தோம். வாகனங்கள் எதிரே வருவது தெரியும்படி வீதியின் வலப்பக்கமாக ஒற்றை வரிசையில் நடந்தோம். மக்கொனை, பயாகலை, களுத்துறைப் பாலம், வாதுவை. நடுப்பகலில் வெயில் தணியும் வரை ஓய்வு. இரவு பாணந்துறையில் தங்கினோம். முதல் நாள் 30 கிலோமீற்றர்.

இரண்டாம் நாள் மொரட்டுவையைத் தாண்டியபோது இடது குதிகாலில் எரிச்சல். சப்பாத்தைக் கழற்றினேன், ஒரு ரூபாக் குற்றியளவு கொப்புளம். அந்த நாளில் அதுவரை நடந்தது 11 கிலோமீற்றர். இன்னும் 16 இருந்தது. பையன்கள் எதுவும் சொல்லவில்லை. நான் வேனில் ஏறினேன். ஏறும்போது அழுகை வந்தது உண்மை.

காலி முகத்திடலுக்கு வந்ததும் ஒருவர், "இதில இறங்கி இவங்களோட நடந்து வாங்க, ஒரு படம் எடுப்போம். யாருக்குத் தெரியப் போகுது?" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் இறங்கவில்லை. நடக்கும் தர்மத்தில் இருக்கிற பெரிய ஆபத்தே அந்தப் படம்தான். நிய்யத் எங்கே முடிகிறது, ஊர் பார்க்க வேண்டும் என்ற ஆசை எங்கே தொடங்குகிறது என்று நமக்கே தெரியாமல் போகும்.

பதினான்காம் நாள்

சேர்ந்தது 13 இலட்சத்து 18 ஆயிரத்து 500 ரூபா. இலக்குக்கு மேல் வந்த 70,500 ரூபாவை, கூலி கூடினால் சமாளிப்பதற்கென்று அதே கணக்கில் விட்டோம். தண்ணீர், சாப்பாடு, வேன், பிளாஸ்டர் எல்லாமாக 86 ஆயிரம் ரூபாவை நாங்கள் மூவரும் பகிர்ந்துகொண்டோம். முச்சக்கர வண்டிக்காரர்களுக்கு மாதாமாதம் வங்கி மூலம் பணம் போயிற்று.

வாசகர்களான வியாபாரிகளுக்கு இதில் இரண்டு விஷயம் சொல்வேன். ஒன்று, உங்கள் கடையின் பெயர் போட்ட டீ ஷேர்ட்டுக்குக் காசு கொடுத்தால் அதை விளம்பரச் செலவில் எழுதுங்கள். அது தவறல்ல. ஆனால் அதை ஸதகா என்று எழுதிக்கொள்ளாதீர்கள். மற்றது, புத்தகத்தோடு வருகிற இளைஞனைத் துரத்தாதீர்கள். எத்தனை ரூபா வேண்டும், எதற்கு, செலவை யார் பார்க்கிறார், கணக்கு எந்தத் திகதியில் வரும் என்று கேளுங்கள். பதில் இருந்தால் கொடுங்கள். இல்லாவிட்டால் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுங்கள். கொள்முதல், செலவு, மிச்சம் பார்க்கத் தெரிந்த நாம்தான் அந்தப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். 2013 இல் நான் பத்தாயிரம் கொடுத்தேன், இந்த நான்கு கேள்வியைக் கேட்கவில்லை. அந்தப் பையன்களின் பிழையில் பாதி என்னுடையது.

பதினான்காம் நாள் கணக்குத் தாளோடு ஹாஜியாரின் கடைக்குப் போனேன். என் பெயருக்கு நேரே 41 கிலோமீற்றர் என்று போட்டிருந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழ்வரை வாசித்தார். லாச்சியைத் திறந்து நாற்பத்தோராயிரம் ரூபாவை எண்ணி வைத்தார். ஒரு ரூபா கூடவுமில்லை, குறையவுமில்லை. அந்தத் தொகையையும் எதிர்பார்த்துத்தான் மொத்தத்தில் சேர்த்திருந்தேன், பற்றுச்சீட்டை எழுதிக் கொடுத்தேன்.

"மத்தப் பொடியன்மார் முழுக்க நடந்தாங்களா?" என்று கேட்டார்.

"நடந்தாங்க ஹாஜியார்."

"அப்ப அடுத்த முறை அவங்களை அனுப்புங்க. நீங்க கணக்கைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, தாளை நான்காக மடித்துத் தன் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.